பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

“என் ஆளை யாரோ சாகடிச்சிட்டாங்க.”

வந்தவள் உட்காரக்கூட இல்லை. ஏணி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். ஆறடி நாலு அங்குலம் வளர்ந்துவிட்டவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எதற்கு உதவும்? தெருவே அவனை ஏணி என்றுதான் கூப்பிட்டது.

“உடம்பு எங்க இருக்கு?” என்றான், குரலைத் தாழ்த்தி.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. காலையிலகூட பல்வலின்னு புலம்பினார்.”

ஏணி ஜன்னல் பக்கம் திரும்பினான். “மேடம், செத்தவருக்குப் பல்வலியாம். இந்தக் கேஸை ஓசியிலயே முடிச்சுக் கொடுத்திடலாம்.”

மேடம் சிரிக்கவில்லை. துப்பறியும் நிறுவனம் தொடங்குவதற்கு முன்னால் இருபத்திநாலு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவர் அவர். பொய் சொல்லும் முகங்களை ஓடுகிற வண்டியில் நின்றபடியே பார்த்துப் பழகியவர். வந்தவளின் முகத்தில் பொய் இல்லை, பயம்தான் இருந்தது.

“உட்காரும்மா. முதல்லேருந்து சொல்லு.”

வந்தவள் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்கும் டீச்சர். மிச்ச நேரத்தில் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு ஜெர்மனில் வாழ்க்கைக் குறிப்புகள் எழுதுகிறாள். சம்பளம் கிடையாது; சொந்தப் பெயர்கூடக் கிடையாது, ஒரு புனைபெயர்தான். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றி எழுதியாகிவிட்டது.

“நானூத்திப் பன்னிரண்டா? எங்க அப்பாவைப் பத்தி நாலு வரி எழுதச் சொன்னா நான் மூணாவது வரியில முழிப்பேன்” என்றான் ஏணி.

அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ஜெர்மன் குறிப்பில் பெயரை ஒட்டி ஒரு நட்சத்திரம் இருக்கும். அது பிறந்த நாள். ஆள் போய்விட்டால் பக்கத்தில் ஒரு சிலுவை வரும். அது இறந்த நாள். அவள் காட்டிய குறிப்பு ஒரு கப்பல் பொறியாளருடையது. ஜெர்மனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, அங்கேயே இரண்டு புத்தகமும் எழுதியவர். அதனால் அவரைப் பற்றிய குறிப்பு அந்த ஒரு மொழியில்தான் இருந்தது.

நேற்று மாலை நாலு பத்துக்கு யாரோ அதில் சிலுவை போட்டிருந்தார்கள். போன வியாழக்கிழமை தேதி.

“நாலே நிமிஷத்துல எடுத்துட்டேன். ‘இவர் உயிரோடு இருக்கிறார்’னு குறிப்பும் போட்டேன். மேடம், நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அவர் விசாரணைக் கமிஷன்ல சாட்சி சொல்லணும். அதுக்குள்ள முடிச்சிடுவோம்னு மிரட்டறாங்க.”

போன வருஷம் பயணிகள் படகு ஒன்று மூழ்கி முப்பத்தொரு பேர் செத்துப்போன கதை ஊருக்கே தெரியும். படகின் அடித்தகடு அரித்துப்போய்விட்டது, ஓட்டவே கூடாது என்று அதற்கு ஒரு மாதம் முன்பே அறிக்கை எழுதித் துறைமுக அலுவலகத்தில் கொடுத்தவர் இந்தப் பொறியாளர். அங்கே எந்த மேசையிலோ அந்த அறிக்கை காணாமல் போனது. நகல் அவரிடம் இருக்கிறது. ஆனால் நகல் மட்டும் நடந்து வந்து சாட்சி சொல்லாதே. அவர் நேரில் வந்து சத்தியம் செய்ய வேண்டும். ஒரு மாதம் முன்பு ஒரு லாரி அவரை உரசிக்கொண்டு போனதிலிருந்து ஆள் தலைமறைவு.

“யார் மேல சந்தேகம்?” என்றார் மேடம்.

“படகு முதலாளியைத்தான் எல்லாரும் சொல்றாங்க. துறைமுக அதிகாரி ஒருத்தர்தான் எங்க பக்கம். சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுங்கன்னு பேப்பர்ல பேட்டிகூடக் கொடுத்தார்.”

“எங்க பக்கம்னா? அந்தப் பொறியாளர் உனக்கு யாரு?”

டீச்சர் லேப்டாப்பை மூடினாள். “சித்தப்பா. அப்பாவோட தம்பி. சொந்தக்காரங்களைப் பத்தி எழுதவே கூடாதுன்னு எங்க களஞ்சியத்துல கண்டிப்பான விதி. ஆசையில எழுதிட்டேன். உறவை வெளிய சொல்லல. அது நல்லதாப் போச்சு. எனக்கும் அவருக்கும் சம்பந்தம்னு இங்க யாருக்கும் தெரியாது, அவரை நான்தான் ஒளிச்சு வச்சிருக்கேன்.”

“எங்கன்னு என்கிட்டயும் சொல்லாத” என்றார் மேடம். “எனக்குத் தெரியாதது என் வாயிலேருந்து வராது.”

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். வகுப்பு இருக்கிறது என்று எழுந்து போனாள். அப்போது மணி இரண்டே முக்கால்.

சிலுவை போட்டவரின் புனைபெயர் ‘கூழாங்கல்’. அந்தக் கூழாங்கல் இதுவரை செய்த எல்லாத் திருத்தங்களையும் களஞ்சியமே தேதி, மணியோடு வரிசையாக வைத்திருந்தது. மேடம் அதைப் பஸ் டைம்டேபிள் மாதிரி விரல் வைத்துப் படித்தார்.

“சிலுவை, தேதி, உயிரோட இருக்கறவங்க பட்டியல்லேருந்து பேரை எடுத்தது. எல்லாம் ஒரே நிமிஷத்துல. அடியாள் செய்யற வேலை இல்ல இது. இதே தொழில்ல ஊறின ஆள்.”

“ஜெர்மனியில இருக்கற ஆளா இருந்தா பிளேன் டிக்கெட்டுக்கு நான் ரெடி” என்றான் ஏணி.

“இந்த ஊர் ஆள்தான். பாரு. தினமும் மூணு மணிக்கு ஆரம்பிக்கறார், அஞ்சுக்கு நிறுத்தறார். மூணு வருஷமா இதே கதை. வாரத்துல ஒரு நாள் மட்டும் கிடையாது.”

“எந்த நாள்?”

“திங்கள்.”

ஏணி நிமிர்ந்தான். திங்கட்கிழமை என்றதுமே அவனுக்குப் பொது நூலகத்தின் பூட்டிய கதவு ஞாபகத்துக்கு வந்தது. தாமதமான புத்தகத்தைக் கொடுக்கப் போய் இரண்டு தடவை அந்தக் கதவில் முட்டிக்கொண்டு திரும்பியவன் அவன். “மேடம், நூலகத்துக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. அங்க ஓசி கம்ப்யூட்டர் மூணு இருக்கு.”

“பரவாயில்ல, படிச்ச பையன்தான்” என்று மேடம் செருப்பை மாட்டினார்.

நூலகத்தின் கணினி அறை மாடியில் இருந்தது. அவர்கள் ஏறிப்போனபோது மூன்று இருபது. மூன்று கணினிகளில் ஒன்றின் முன்னால் மட்டும் ஆள். ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப்பார்வை. கூழாங்கல் என்று மேடம் காதருகே சொன்னதும் மனிதர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். புனைபெயர் தெரிந்துவிடுவது அந்த உலகத்தில் அவ்வளவு பெரிய விஷயம்.

“நான் ஆதாரம் இல்லாம எழுதறவன் இல்லைங்க” என்றார் படபடப்பாக. பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். “இதோ, இரங்கல் அறிவிப்பு. நேத்து ஒருத்தர் இங்க வந்து கொடுத்தார். நீங்க வாழ்க்கைக் குறிப்பு எழுதறவராச்சே, இதைச் சேர்த்திடுங்கன்னார். நல்ல மரியாதையான மனுஷன்.”

மேடம் துண்டை வாங்கிப் பார்த்தார். ஏணி குனிந்து, அதாவது பாதியாக மடங்கி, பார்த்தான். பொறியாளர் வியாழனன்று காலமானார். ஆழ்ந்த துயரத்துடன், உற்றார் உறவினர். அவ்வளவுதான்.

“ஏணி, உங்க மாமா போனப்ப பேப்பர்ல போட்டீங்களே, எத்தனை பேர் பேர் இருந்துச்சு?”

“பதினேழு. என் பேர் விட்டுப்போச்சுன்னு நான் ஒரு மாசம் யாரோடயும் பேசல.”

“இதுல ஒருத்தர் பேரும் இல்ல. போட்டவனுக்கு இவரோட சொந்தக்காரங்க யாருன்னே தெரியாது.” மேடத்தின் குரல் இறங்கியது. “தெரிஞ்சுக்கத்தான் போட்டிருக்கான். இது மிரட்டல் இல்லடா. இது கேள்வி. அவர் செத்துட்டார்னு எழுதினா, இல்ல, உயிரோட இருக்கார்னு யார் ஓடி வந்து சொல்றாங்கன்னு பார்க்கறதுக்கு. யாருக்கும் தெரியாத ஒரு பக்கம், ஜெர்மன்ல. அதை நாலே நிமிஷத்துல ஒருத்தி அடிச்சுச் சொன்னா.”

ஏணிக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி மகள், பதறிப்போய்த் தானே பதிலைச் சொல்லிவிட்டாள்.

“ஆனா அது யாருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவங்களும் புனைபெயர்தானே?” என்றான்.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “எனக்குத் தெரியுங்க. ஒவ்வொருத்தரைப் பத்தி எழுதும்போதும் அவங்க அம்மா என்ன வேலை செஞ்சாங்கன்னு முதல்ல எழுதறது இந்த ஊர்ல ஒரே ஆள்தான். நம்ம ஜெர்மன் டீச்சர். நேத்து கிளம்பறதுக்கு முன்னாடியே களஞ்சியத்துல நான் அவங்ககிட்ட ஆதாரம் கேட்டேன். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள தர்றேன்னு பதில் போட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு இங்கயே வந்தாங்க. கூழாங்கல் நான்தான்னு பாவம் அவங்களுக்குத் தெரியாது. போனை அணைச்சு வச்சிருக்காங்களாம், ஒரு போட்டோ எடுக்கணும்னு என் கேமராவை இரவல் வாங்கினாங்க. இன்னிக்குப் பேப்பர் ஒண்ணும் கையில இருந்துச்சு.”

“கடவுளே” என்றான் ஏணி. சித்தப்பாவின் கையில் இன்றைய பேப்பரைக் கொடுத்துப் படம் எடுக்கப் போகிறாள். நாளைக்கு உயிர் போகிற விஷயம்; இவளுக்கு ஆதாரம் இல்லாமல் ஒரு வரி நின்றால் தூக்கம் வராது.

“அந்த மரியாதையான மனுஷன்?” என்றார் மேடம்.

“அவரும் மத்தியானம் வந்திருந்தார். சிலுவையை எடுத்தது யாருன்னு கேட்டார். டீச்சர் படியிறங்கறப்போ, இதோ இவங்கதான்னு காட்டினேன். அப்பவே அவரும் கிளம்பிட்டார். ஏங்க, தப்பாயிடுச்சா?”

“டீச்சர் எங்க போறேன்னாங்க?”

“மூன்றரை பஸ்ஸைப் பிடிக்கணும்னாங்க.”

மணி மூன்று இருபத்தெட்டு. படிக்கட்டில் ஏணி மும்மூன்று படியாகத் தாண்டினான். அவன் கால்களை ஊரே கிண்டல் செய்திருக்கிறது; அந்தக் கால்கள் இல்லையென்றால் அன்றைக்கு ஒரு உயிர் போயிருக்கும். நிலையத்தை விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றான். டிரைவர் திட்டிய திட்டில் அவனுடைய பரம்பரையே அடங்கிவிட்டது. அதற்குள் மேடம் மூச்சு வாங்கியபடி வந்து ஏறினார். கண்டக்டருக்கு அவரைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் முதுகு நிமிர்ந்தது.

“மேடம், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல?”

“பத்து நிமிஷத்துக்கு ஆகல. ஒண்ணும் கேட்காத.”

டீச்சர் முன்வரிசையில் இருந்தாள். மேடம் அவளைக் கண்டும் காணாதது மாதிரி தாண்டிப் போனார். ஏணிக்கு அதன் காரணம் புரிந்தது. டீச்சரைப் பின்தொடர்பவனின் முகம் அவர்கள் யாருக்கும் தெரியாது. இவளிடம் இப்போது பேசினால், பார்த்துக்கொண்டிருப்பவன் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடுவான். வேறு ஒருவன் வருவான். உள்ளே பத்தொன்பது பேர். எல்லோரும் மரியாதையான மனுஷர்களாகத்தான் தெரிந்தார்கள்.

“டிக்கெட்டைக் காட்டுங்க.”

அந்தக் குரலில் பஸ்ஸே பையைத் துழாவியது. மேடம் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். சந்தை, மில், பள்ளிக்கூடம், மறுபடி சந்தை. பின்வாசல் பக்கத்தில் சட்டையை அழகாக மடித்துவிட்ட ஒருவர் கம்பியைப் பிடித்து நின்றார். டிக்கெட்டைச் சிரித்த முகத்தோடு நீட்டினார்.

“கடைசி ஸ்டாப்பிங்கா சார்?”

“ஆமாம்மா.”

“ஒன்றரை மணி நேரம் ஆகும். எட்டு சீட் காலியா இருக்கு. ஏன் வாசல்ல நிக்கறீங்க?”

“காத்து வருது.”

“கடைசி ஸ்டாப்பிங்ல யாரைப் பார்க்கப் போறீங்க?”

“என் தங்கச்சி வீடு அங்கதான்.”

“அங்க வீடே கிடையாது சார். பஸ் ஷெட்டும் தண்ணித் தொட்டியும்தான். எங்க இறங்கப்போறோம்னு தெரியாதவன்தான் கடைசி வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டு வாசல்ல நிப்பான்.”

அந்த ஆள் சிரிப்பை மாற்றவே இல்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கத்தான் போனார். வாசலில் ஏணி சாய்ந்து கிடந்தான், அந்தப் பக்கம் போக இடமே இல்லை. முழங்கை ஒன்று ஏணியின் விலாவில் இறங்கியது. கண்டக்டரும் மில்லுக்குப் போகிற இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தார்கள். சட்டைப்பையில் பொறியாளரின் புகைப்படம் ஒன்று, இடுப்பில் ஒரு முழ நீளக் கத்தி. டீச்சர் எழுந்து திரும்பிப் பார்த்தவள் அந்தக் கத்தியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மடியில் கேமராவும் பேப்பரும் இருந்தன.

போலீஸ் கூட்டிக்கொண்டு போன பிறகும் அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. அவன் போனிலிருந்து ஒரே ஒரு எண்ணுக்குத்தான் அழைப்பு போயிருந்தது. அதுவும் பெயரில்லாத எண். ஐந்தரை மணிக்கு மூன்று பேரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அனுப்பினவன் வெளியதான் இருக்கான்” என்றார் மேடம். “இவன் திரும்பி வரலேன்னா இன்னொருத்தனை அனுப்புவான். கேள்விக்கு அவனுக்குக் கிடைச்ச பதில், ஆள் உயிரோட இருக்கார்ங்கறது. அந்தப் பதிலை மாத்தணும். சிலுவையை நீயே திரும்பப் போடு.”

“மாட்டேன்.” டீச்சர் வெடுக்கென்று சொன்னாள். “நானூத்திப் பன்னிரண்டு பேர் மேடம். ஒருத்தருக்குக்கூட நான் பொய்யா ஒரு வரி எழுதினதில்ல. உயிரோட இருக்கற சித்தப்பாவை என் கையால எப்படிச் சாகடிப்பேன்?”

“அவரையே கேளு.”

போனை மேசை நடுவில் வைத்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பொறியாளர், “போட்டுடும்மா” என்றார். “ஒரு ராத்திரிதானே. பல்வலிக்கும் ஓய்வு கிடைச்ச மாதிரி இருக்கும்.”

“எப்படிச் செத்தார்னும் எழுதணும்” என்றார் மேடம். “அந்தப் பேப்பர் அறிவிப்புல இல்லாத ஒண்ணு. வேற எங்கயும் படிக்க முடியாத ஒண்ணு.”

“கண் ஆஸ்பத்திரின்னு போடு” என்றது போன். “கண்புரை ஆபரேஷன் மேசையில. நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்ல, எவனும் தற்செயலா அதைச் சொல்லமாட்டான்.”

டீச்சர் அழுதுகொண்டேதான் தட்டினாள். தேதி, சிலுவை, கண் ஆஸ்பத்திரி. ‘நேற்று நான் எழுதியது தவறு, குடும்பத்தினர் உறுதி செய்துள்ளனர்’ என்று காரணமும் எழுதினாள். ஏணிக்கு வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நாக்கு சும்மா இருக்காது. அன்று அவன் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தியதோடு சரி. ஐந்து ஐம்பதுக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். ஆதாரம் கேட்டு வம்பு பண்ண வேண்டாம் என்று மருந்துக்கடைக்காரருக்கும் மேடம் போன் செய்து சொன்னார். மனிதருக்கு அதற்கே பாதி உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை பத்து மணி. விசாரணைக் கமிஷன் கூடத்தில் உட்கார இடமில்லை. இடது பக்கம் முழுவதும் செத்தவர்களின் குடும்பங்கள். மேடம் ஒன்பது மணிக்கே நீதிபதியின் கையில் ஒரு உறையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஏணியின் கண் படகு முதலாளியை விட்டு அகலவில்லை. அவரோ கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா பொறியாளரின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். துறைமுக அதிகாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, சொல்லவே மனசு வரல. நாம எதிர்பார்த்த சாட்சி இனிமே வரமாட்டார். போன வியாழக்கிழமை தவறிட்டார். ஒரு சாதாரண கண்புரை ஆபரேஷன், அந்த மேசையிலயே போயிட்டாராம். நல்ல மனுஷன். அவருக்காக நாம எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து மௌனமா நிக்கணும்னு கேட்டுக்கறேன்.”

குடும்பங்களின் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் விசும்பல் கேட்டது. ஏணி படகு முதலாளியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினான். எங்கள் பக்கம் என்று டீச்சர் நம்பிய ஒரே மனிதர். அறிக்கை காணாமல் போன மேசை இவருடையதுதான்.

நீதிபதி உறையைப் பிரித்து உள்ளே இருந்த தாளைப் பார்த்தார். “கண்புரை ஆபரேஷன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“பேப்பர்ல போட்டிருந்தாங்களே ஐயா.”

“பேப்பர்ல அப்படி இல்ல. என்கிட்டயும் அந்த அறிவிப்பு இருக்கு. இந்த விவரம் நேத்து சாயந்திரம் அஞ்சு அம்பதுக்கு, ஒரே ஒரு இடத்துல, ஜெர்மன் மொழியில எழுதப்பட்டிருக்கு. எழுதினவங்க அது பொய்னு கையெழுத்துப் போட்டும் கொடுத்திருக்காங்க. அந்தப் பக்கத்தை ராத்திரியெல்லாம் காவல் காக்கற அளவுக்கு உங்களுக்கு என்ன அக்கறை?”

துறைமுக அதிகாரி வாயைத் திறந்தார். பின்கதவும் திறந்தது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே, ஒரு கன்னம் வீங்கிய குள்ளமான மனிதர் கக்கத்தில் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டு வந்தார். டீச்சர் ஏணியின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

பொறியாளர் கூண்டில் ஏறினார். ஃபைலை மேசை மேல் வைத்தார். துறைமுக அதிகாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு நீதிபதியிடம் திரும்பினார்.

“ஐயா, நான் சத்தியம் பண்ணத் தயார். ஆனா அவர் கேட்ட அந்த ஒரு நிமிஷத்தை விட்டுட வேண்டாம். எனக்கு அது வேண்டாம், நான் இருக்கேன். முப்பத்தொரு பேர் இல்ல. அவங்களுக்காக நிப்போம்.”

நாற்காலிகள் நகர்ந்தன. நீதிபதி எழுந்தார், குமாஸ்தா எழுந்தார், படகு முதலாளிகூட எழுந்தார். கூடம் முழுவதும் தலை குனிந்து நின்றது. துறைமுக அதிகாரி ஒருவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.